உள்ளிருந்து திறக்கும் கதவு

ஒரு கதவு எந்த இடத்தில் உடையும் என்பதை நான் என் கணவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது ஓசூரில் கம்பெனிகளுக்குப் பின்பக்கம் வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரே அறை, ஒரே கதவு. அவன் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பிடித்து, இயந்திரச் சம்மட்டிக்குக் கீழே புரட்டிப் போடுகிற வேலை. தோள் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் தெருமுனையில் அவன் நடந்து வந்த தினுசைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கைக்குழந்தையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் உதைத்தான். பிறகு தோளால் இடித்தான். பலகை அதிர்ந்ததே தவிர விடவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போய்விட்டான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்திருக்கிறான். தாழ்ப்பாள் இருந்த பக்கத்தை அவன் தொடவே இல்லை. கடப்பாரை முனையைக் கீல் இருக்கும் இடுக்கில் விட்டு நெம்பினான். உளுத்துப்போன நிலையிலிருந்து திருகாணிகள் பல் பிடுங்குகிற மாதிரி வந்துவிட்டன. கதவு முழுசாக உள்பக்கம் என்மேல் சாய்ந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

அது சாய்கிற நொடியில் குழந்தையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது. அவன் கதவின் மேல் ஏறி நின்றான். அடியில் நான். ஏறி நின்று மிதித்தான். என் தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் வெளியிலிருந்து வந்த மாதிரி இருந்தது, யாரோ விறகு ஒடிக்கிற மாதிரி. பலகை இடுக்கு வழியாக அவனுடைய கம்பெனி ஷூவின் அடிப்பகுதி தெரிந்தது. அன்றைக்கு இடது காதில் விழுந்த அடியில் போன கேட்கும் திறன் இன்றுவரை திரும்பவில்லை.

நாகரசம்பட்டியில் அம்மா வீட்டில் சில நாள் இருந்தேன். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "ஆம்பளன்னா கைநீட்டத்தான் செய்வான், நீ கொஞ்சம் அனுசரிச்சிப் போ" என்றார்கள். அம்மா பஸ் ஏற்றிவிடும்போது, "புள்ளயப் பாத்துக்கோ" என்றாள்.

நான் திரும்பிப் போன அன்று வீட்டுக்காரம்மா புதுக்கதவு போட ஆள் வரவழைத்திருந்தார். பாகலூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த கன்னடக்காரர். இரும்பு ஆங்கிள் சட்டத்தில் தகரம் அடித்த கதவு. அவர் அதைத் தூக்கி நிறுத்தி, கீலை நிலையில் முடுக்கிக்கொண்டிருந்தார். நான் கழுத்தோடு துணியில் தொங்கவிட்ட கையோடு பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, கீலுக்கு இத்துனூண்டு ஸ்குரூ போட்றீங்களே. அங்கதான் ஒடையும்" என்றேன்.

"யாரம்மா ஹேளிது? யார் சொன்னா?"

"ஒடையறப்ப நான் அடியில கெடந்தன்."

அவர் என் தோளைப் பார்த்தார். முகத்திலிருந்த காயத்தைப் பார்த்தார். முடுக்கிய திருகாணிகளைத் திரும்பக் கழற்றினார். பழைய மரநிலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு இரும்பு நிலை கொண்டுவந்தார். சுவரைக் குடைந்து அதன் கால்களை ஆழமாக இறக்கினார். கீலை நிலையோடு சேர்த்து வெல்டிங் வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்க்காதே என்று கத்தினார். நான் பார்த்தேன். கண்ணுக்குள் மின்னல் இறங்கிய மாதிரி இருந்தது. மறுநாள் முழுக்கக் கண்ணில் மணல் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்தது. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். படுத்திருந்த நேரமெல்லாம் அந்த வெளிச்சத்தைத்தான் யோசித்தேன்.

தோள் சரியானதும் அந்தப் பட்டறைக்குப் போய் வேலை கேட்டேன். முதலில் ரெட் ஆக்சைடு அடிக்கிற வேலைதான். கேட், ஜன்னல் கிரில் எல்லாவற்றுக்கும் செம்மண் நிறத்தில் துருத்தடுப்பு பூசுவது. வேலைக்குப் போவதை என் கணவன் தடுக்கவில்லை. பகலில் நான் எங்கே இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். குழந்தையை அங்கேயே சாக்கு விரித்துப் போட்டுக்கொள்வேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கழிவுத் துண்டுகளை எடுத்து வைத்து வெல்டிங் போட்டுப் பார்த்தேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வெல்டிங்குக்குப் பிடிக்கிற கம்பி, ராடு, இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் பொறி பறந்து ரவிக்கைக்குள் விழும். கழுத்திலும் முழங்கையிலும் மிளகு மிளகாகச் சுட்ட தழும்புகள் வந்தன. ராடை இரும்பில் உரசித் தீயை எழுப்பி, எழுந்த மறுநொடி ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் அணைந்துபோகும். அந்த இடைவெளி ஒரு நாள் என் கைக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரும்பு உருகிக் குளம் மாதிரி நிற்பதை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தேன். அதை ஊசியால் தைக்கிற மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டு போனேன். ஆறியதும் மேலே படிந்திருந்த கசடைச் சுத்தியால் தட்டினேன். அடியில் சின்னச் சின்ன அலையாக ஒரே சீரான கோடு.

கன்னடக்கார முதலாளி வந்து பார்த்தார். பாராட்டவில்லை. அந்தத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் கவ்வக் கொடுத்து, பெரிய சம்மட்டியை என் கையில் தந்தார்.

"ஹொடி, நோடோணா. அடி, பாக்கலாம்."

அடித்தேன். எனக்கு விழுந்த அடியையெல்லாம் நினைத்து அடித்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கோட்டைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. பட்டை வளைந்தது, முறுக்கிக்கொண்டது, கடைசியில் ஓர் ஓரத்தில் கிழிந்தது. வெல்டிங் வைத்த இடம் மட்டும் விடவில்லை. நான் சிரித்தேன். என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. சாக்கில் உட்கார்ந்திருந்த என் மகள் பயந்து அழுதாள். அவள் நான் சிரித்து அதுவரை கேட்டதில்லை.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருவில் போகும்போது வீடுகளைப் பார்க்கமாட்டேன், கேட்டுகளைத்தான் பார்ப்பேன். எங்கே கீல், எங்கே பலவீனம், எங்கே கை நுழையும், கடப்பாரை எங்கே நுழையும் என்று கண் தானாகவே தேடும். பட்டறைக்குக் கதவு கேட்டு வருகிறவர்கள் பூ வேண்டும், மயில் வேண்டும், அன்னம் வேண்டும் என்பார்கள். நான் கீலைப் பற்றிக் கேட்பேன். "ஏம்மா, கதவு போடறியா கோட்டை கட்டறியா?" என்று ஒருவர் கேட்டார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஒரு மத்தியானம் என் கணவன் வேலை போய் வீட்டுக்கு வந்தான். நான் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். என் கையைப் பிடித்து வைத்துத் தழும்புகளைப் பார்த்தான்.

"இந்தக் கையிலதான் பெரிய மேஸ்திரியாம் நீ? ஊரே சொல்லுது."

"விடுய்யா, வேலைக்கு நேரமாச்சி."

அவன் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். என் வலது கையை நிலையில் கீல் பக்கம் அழுத்திப் பிடித்தான். இன்னொரு கையால் கதவைச் சாத்தினான். இரும்புக் கதவு, இரும்பு நிலை. என் விரல்கள் நடுவில். நான் கத்தியது கம்பெனி சங்குச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அவன் திரும்பத் திறந்து இன்னொரு முறை சாத்தினான். மூன்று விரல்கள் நசுங்கின. சுண்டுவிரல் இன்றும் கொக்கி மாதிரிதான் இருக்கிறது.

தோள் உடைந்தபோது வராத கோபம் அன்றைக்கு வந்தது. அவன் உடைக்க நினைத்தது என் வேலையை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அவனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். சமாதானமாகப் போகச் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. மகளைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு ஊரின் இன்னொரு கோடிக்குப் போய், வேறொரு லைன் வீட்டு வரிசையில் கடைசி அறையைப் பிடித்தேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: கதவையும் ஜன்னலையும் நானே போட்டுக்கொள்வேன்.

கட்டுப் பிரித்ததும் இடது கையால் ராடு பிடித்துப் பழகினேன். பிறகு இரண்டு கையாலும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பட்டறைக்குப் போய் என் கதவைச் செய்தேன். கனமான தகடு, உள்பக்கம் குறுக்குப் பட்டைகள், கீலைக் கடப்பாரை தொடாதபடி ஒரு மூடி, மேலே பார்ப்பதற்கு ஒரு சின்ன கிரில், வெளியே இழுத்துச் சாத்த ஒரு வளையம். ஜன்னலுக்கு நெருக்கமாகச் சதுரக் கம்பி வைத்து, ஒவ்வொரு சந்தியிலும் நான்கு பக்கமும் வெல்டிங் வைத்தேன். அப்படி யாரும் வைக்கமாட்டார்கள். இரண்டு பக்கம் வைத்தாலே போதும். முதலாளி பார்த்துவிட்டு, "ராடு சும்னே வேஸ்ட்டு" என்றார். பிறகு இன்னொரு கட்டு ராடை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவன் எங்களைக் கண்டுபிடித்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்தத் தடவை சம்மட்டியோடு வந்தான். மகளை மூலையில் உட்காரவைத்துவிட்டு நான் கதவுக்கு எதிரே நின்றேன்.

முதல் அடியில் சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. அறை முழுக்கக் கோயில் மணிக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல். அவன் கீல் பக்கம் போனான், அவன் போவான் என்று எனக்குத் தெரியும். மூடிமேல் அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. தகடு குழிந்தது. நான் அவனைப் பார்க்கவில்லை, கீலின் வெல்டிங் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மயிரிழை விரிசல் வருமா என்று பார்த்தேன். பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் ஒரு வேலைக்காரி தன் வேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"தொறடீ! ரெண்டு பேரையும் கொன்னுட்டுத்தான் போவன்!"

கீல் நின்றது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. கிட்டப் போய் மேல் கிரில் வழியாகப் பார்த்தேன். அதுதான் தப்பாகப் போனது. சம்மட்டிக் காம்பைக் கம்பி இடுக்கில் விட்டுக் குத்தினான். நெற்றி கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்ததும் போய்விட்டான். நான் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, கதவைத் திறந்து, வெளிப்பக்கம் விழுந்திருந்த குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். கம்பெனி ஆட்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவர். "ஏளா, ரத்தம் இப்பிடி ஊத்துது, நீ என்னத்தளா தடவிக்கிட்டு நிக்கே?" என்று அதட்டினார்.

"ஒண்ணும் ஆவலக்கா. ஒரு வெல்டிங்கூட விடல" என்றேன்.

அந்தப் பெருமிதத்தில் நான் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். உள்ளே வர முடியாத கதவு வெளியே போகவும் முடியாத கதவாக ஆகலாம். அதை யோசித்தவன் அவன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை. மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சங்கிலி உரசுகிற சத்தம். என்னவென்று புரிவதற்குள் வாசனை வந்தது, பெட்ரோல். கதவடி வழியாக ஈரம் சிமெண்டுத் தரையில் உள்ளே ஓடி வந்தது. தாழ்ப்பாளை நீக்கி இழுத்தேன். கதவு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வெளி வளையத்திலும் மேல் கிரில்லிலும் சங்கிலியை நுழைத்து, சுவரில் நான் ஆழமாக இறக்கியிருந்த நிலைக்குக் குறுக்கே ஒரு கம்பியைக் கொடுத்து இறுக்கிப் பூட்டியிருந்தான்.

தீ குப்பென்று முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. மகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். அவள் பாவாடை ஓரத்தில் தீ பிடித்திருந்தது. கையாலேயே கசக்கி அணைத்தேன். குடத்துத் தண்ணீரைக் கொட்டினேன். தண்ணீர்மேல் மிதந்து தீ இன்னும் உள்ளே வந்தது. மெத்தையை இழுத்துக் கதவடியில் அழுத்தினேன். அது எரியத் தொடங்கிப் புகை கறுப்பாகக் கிளம்பியது. மிச்சம் இருந்தது பக்கச் சுவர் ஜன்னல் மட்டும். அங்கே நான்கு பக்கமும் வெல்டிங் வைத்த என் கம்பிகள். அவற்றைப் பிடித்து உலுக்கினேன். என் வேலை எவ்வளவு நல்ல வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே அவன் உருட்டுக்கட்டையோடு நின்று யாரையும் கிட்ட வர விடவில்லை. தண்ணீர் கொண்டுவந்த ஒரு ஆளின் முழங்காலில் அடித்து விழவைத்தான். அப்போது திருநெல்வேலி அக்கா தன் அடுப்பிலிருந்த உலையை, அரிசி கொதித்துக்கொண்டிருந்த பெரிய அலுமினியப் பானையை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவன்மேல் ஊற்றினார். அவன் அலறிய அலறல் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அது எனக்கு இனித்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பட்டறை பக்கம்தான். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, முதலாளி இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு வண்டியில் வந்தார். அக்கா வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்தார்கள். கதவுப் பக்கம் தீ, அதனால் ஜன்னலை அறுக்கத் தொடங்கினார். பொறி முழுக்க உள்ளே என் முகத்தில் அடித்தது. மகளின் தலையை என் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டேன். கட்டிங் வீல் உடைந்து தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. வேறொன்று மாட்டினார். ஒரு கம்பியை அறுத்தாலும் பக்கத்துச் சந்தி பிடித்துக்கொண்டது.

"யாக்கம்மா இஷ்டு கட்டியா போட்டே!" என்று அழுதுகொண்டே கத்தினார். "ஏன் இவ்ளோ கெட்டியா போட்டே!"

"மேல் சந்திய அறுங்கண்ணா! மேல அறுத்துட்டுக் கீழ வளைங்க!"

இருமிக்கொண்டே நான் உள்ளிருந்து சொன்னேன். எந்தச் சந்தியில் கையை அவசரமாக ஓட்டினேன் என்று எனக்குத் தெரியும். அங்கே அறுத்தார். கம்பிகள் வளைந்தன. முதலில் மகளை வெளியே தள்ளினேன். பிறகு என்னை இழுத்தார்கள். அறுத்த கம்பி முனை என் முதுகை மேலிருந்து கீழ்வரை கோடு போட்டது.

அவன் ஜெயிலுக்குப் போனான். திருநெல்வேலி அக்காமேலும் ஒரு கேஸ் போடப் பார்த்தார்கள். அந்த வரிசையே ஸ்டேஷன் முன்னால் போய் உட்கார்ந்ததும் விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என் இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. மகளுக்குக் காலில் காயம். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"அம்மா, நாம நம்ம கதவ ஒடைக்க முடியாதா?"

"முடியாதுடி."

"அப்ப எதுக்கு அப்பிடிச் செஞ்ச?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாள் வலியைத் தாண்டினேன். கதவின் வெளிப்பக்கத்தில் சங்கிலி மாட்ட எதுவுமே இருக்கக் கூடாது. வளையம் வேண்டாம், கைப்பிடி வேண்டாம், மேல் கிரில் வேண்டாம். வழுவழுவென்று, சாவி ஓட்டை மட்டும் இருக்கட்டும். ஜன்னல் கிரில்லின் ஒரு பகுதி கதவு மாதிரி திறக்கட்டும். அதன் கொண்டி உள்பக்கம், வெளியிலிருந்து கை விட்டாலும் எட்டாதபடி ஒரு தகட்டு மறைப்புக்குப் பின்னால் இருக்கட்டும். சாவி இல்லாமல், புகையில், கண் தெரியாமல், ஒரே இழுப்பில் திறக்கட்டும். சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் வைத்து மகளிடம் விளக்கினேன். கை அவளுடையது, யோசனை என்னுடையது. கரண்டி திரும்பத் திரும்பத் தட்டிலிருந்து நழுவியது. நர்ஸ் திட்டினார்.

கை ஆறி நான் செய்த முதல் ஜன்னலில் கொண்டி சிக்கிக்கொண்டது. இரண்டாவதில் வெளியிலிருந்து வளைந்த கம்பியை விட்டு முதலாளியே திறந்து காட்டினார். அவற்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினேன். எத்தனையோ நொறுக்கிய பிறகுதான் ஒன்று சரியாக வந்தது. அதை முதலில் திருநெல்வேலி அக்கா வீட்டுக்குப் போட்டேன்.

பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு வேலைக்கு வந்து தனியாக அறை எடுத்திருந்தவர்கள், புருஷனை விட்டு வந்தவர்கள், அண்ணன்மாருக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு புதுத் தம்பதி. பர்கூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் வேலை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கதவு தயாரானதும் எப்போதும் செய்கிற மாதிரி அதைப் பட்டறைச் சட்டத்தில் மாட்டி, சம்மட்டியை அவள் கையில் கொடுத்தேன். என் கதவு எதுவும் அடி வாங்காமல் வெளியே போகாது. அதன் பின்னால் இருக்கப்போகிறவள்தான் அடிக்க வேண்டும்.

"நானாக்கா? எனக்கு அவ்ளோ பலமில்லக்கா."

"அடிம்மா. அவன் எங்க அடிப்பான்னு ஒனக்குத்தான் தெரியும்."

தயங்கித் தயங்கி அடித்தாள். பிறகு ஒரு பெயரைச் சொல்லி அடித்தாள். பிறகு பெயர் மறைந்து வெறும் கத்தல் மட்டும் வந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து காம்பெல்லாம் ரத்தமாகும்வரை அவள் நிறுத்தவில்லை. பட்டறை ஆட்கள் கிரைண்டரை அணைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். அவள் உட்கார்ந்ததும் கீலைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்து அவள் கண்ணைத் துணியால் கட்டி, ஜன்னலுக்குப் பின்னால் நிற்கவைத்து, திறந்து வெளியே வரச் சொன்னேன். தடவித் தடவிக் கொண்டியைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் உடம்பிலும் அவள் ரத்தம்.

முதலாளிக்கு மூட்டு வலி வந்தபின் பட்டறையை என்னிடம் விட்டார். இப்போது என்னோடு சில பெண்கள் வெல்டிங் போடுகிறார்கள். கிருஷ்ணகிரிவரை, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிவரை, லைன் வீடுகளில் இந்த மாதிரி ஜன்னலைப் பார்க்கலாம். பாதி நாங்கள் போடாதவை. வேறு பட்டறைக்காரர்கள் பார்த்துச் செய்தவை. ஒரு தடவை சாமல்பட்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒன்றைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்ச் சோதித்தேன். கொண்டிக்கு மறைப்பே இல்லை. அதைப் போட்டவனைத் தேடிப் பிடித்தேன்.

"சின்னத் தகடுதானம்மா, விட்டா என்னா?" என்றான்.

அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளி அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தினேன். என் கையை வெளியிலிருந்து விட்டு, கொண்டியை நீக்கி, கம்பியைத் திறந்து காட்டினேன்.

"இப்ப நான் உள்ள வந்துட்டன். இந்தக் கையில கத்தி இருந்தா?"

வீட்டுக்குள்ளே ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அன்று சாயங்காலமே மறைப்பை வைத்தான். அது முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

என் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். காலில் தழும்பு இருக்கிறது. போன வாரம் பட்டறைக்கு வந்தாள். எங்களிடம் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவளும் சேர்ந்து என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். கொண்டி உயரத்தில் இருக்கிறது, விறைப்பாக இருக்கிறது, சின்னப் பிள்ளை தனியாக இருந்தால் திறக்காது என்றார்கள்.

"இத்தன வருசமா இதுதான் நிக்குது. கீழ வெச்சா வெளியிலர்ந்து எட்டிருவான்" என்று கத்தினேன்.

"அப்ப மறைப்பப் பெருசாக்கு. ஜன்னலக் கீழ எறக்கு. எனக்கு அன்னிக்கி எவ்ளோ வயசும்மா? நீ மயங்கி விழுந்திருந்தா நான் எப்பிடித் தொறந்திருப்பன்?"

எனக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த, ராடு பிடிக்கும் ஹோல்டரை எறிந்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்காமலேயே பழைய கொண்டியை அறுத்துக் கீழே போட்டிருந்தார்கள். மகள் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் பிடித்துக்கொண்டு புது இடத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். கோடு அவ்வளவு சுத்தமில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்து திறக்கச் சொன்னார்கள். அது இரண்டு கையாலும் தொங்கி இழுத்தது. திறந்தது.

நான் சம்மட்டியை எடுத்து வந்து அந்தப் புது வெல்டிங்கை அடித்துப் பார்த்தேன்.